பெரும்பாவியின் நிலையும் இஸ்லாமிய சமயக் கல்வியும்

பெரும்பாவஞ் செய்தானொருவன் நம்பிக்கையாளனாகவே எஞ்சுவானா, அன்றி நம்பிக்கையினின்றும் நீங்கியவனாவானா என்னும் வினா, இஸ்லாமிய சமய சாத்திரத்தில் முதற்கண் எழுந்த பெருவினாக்களுள் ஒன்றாகும். 657-ஆம் ஆண்டில் நிகழ்ந்த சிஃப்பீன் போரில், அலீ அவர்கள் நடுவர் தீர்ப்புக்கு இசைந்தமை பெருங்குற்றமெனக் கூறிப் பிரிந்த காரிஜியருட் கடும்போக்கினர், பெரும்பாவியை மறுப்பாளனெனவே விலக்கினர். 661-இல் அலீ அவர்களைக் கொன்றவன் அக்கூட்டத்தானே.

முர்ஜியாக்கள், செயலை நம்பிக்கையினின்றும் வேறுபிரித்துப் பாவியின் தீர்ப்பை இறைவனிடமே விடுத்தனர். வாஸில் இப்னு அதா (மறைவு 748) என்பார், பாவி நம்பிக்கையாளனுமல்லன், மறுப்பாளனுமல்லன், இடைநிலையன் என்றார். அவன் தவ்பாவின்றி இறப்பின் நரகினின்றும் மீளான் என்பது அவர்வழி வந்த முஃதஸிலாக்கள் துணிபு. அஷ்அரீ, மாதுரீதீ நெறியினரோ, அவன் நம்பிக்கையாளனே. அவனை ஒறுத்தலும் பொறுத்தலும் இறைவன் திருவுளம் என நிறுவினர்.

இவ்விறுதிக் கொள்கையை நஸஃபீ (மறைவு 1142) சுருங்கக் கூறினார். தஃப்தாஸானீ (மறைவு 1390) அதற்கு விரிவுரை வகுத்தார். லக்னோ நகரத்து முல்லா நிஜாமுத்தீன் (மறைவு 1748) பெயரால் வழங்கும் பாடமுறை வாயிலாக, அவ்வுரை இந்திய மதரஸாக்களிற் பயிலப்பட்டு வருகின்றது.

அவ்வுரையின் பயன் பெரிது. பிறனொருவன் குற்றங்கண்டு அவனைச் சமயத்தினின்றும் தள்ளும் உரிமை மாந்தர்க்கில்லை என்பதை அது காரணங்காட்டி உணர்த்துகின்றது. இத்தெளிவு இற்றை நாளினும் வேண்டப்படுவதே. பிறரை மறுப்பாளரெனத் தூற்றுதலைத் தடுத்தற்பொருட்டு ஜோர்தான் நாட்டில் 2004-இல் அம்மான் செய்தி வெளியிடப்பட்டமையே இதற்குச் சான்றாம்.

ஆயினும், அவ்வுரையொன்றே அமையுமெனின், அமையாதென்க. வாதநெறியாற் கற்கும் மாணாக்கன் பாவியைப் படர்க்கையில் வைத்தே ஆராய்கின்றான். பாவஞ்செய்வான் தானுமே என்பதை மறக்கின்றான். பொறுத்தல் இறைவன் உரிமையென்னும் மெய்ம்மை, நெஞ்சிற் பக்குவமில்லாதானுக்குச் சோம்பற்கு வாயிலாகவும் முடியும்.

இக்குறையை நிரப்புவது கஸ்ஸாலீ (மறைவு 1111) இயற்றிய இஹ்யாவின் நாலாம் பகுதியாம். தவ்பாவை அறிவு, உளநிலை, செயல் என மூன்றாக வகுத்து, பாவத்தை நோயாகவும் ஆசானை மருத்துவனாகவும் அவர் கொள்கின்றார். ஏக்கத்தால் நைந்தானுக்கு நம்பிக்கை மருந்து. செருக்கால் மயங்கினானுக்கு அதுவே நஞ்சு. அவனுக்கு அச்சமே மருந்து என்பது அவர் கருத்து. இளைஞர்க்கு முதலிற் கொள்கையை நெட்டுருவாக்கிப் பின்னர்ப் படிப்படியாகப் பொருளுணர்த்துக என்றும், வாதத்தை யாவர்க்கும் பொதுவாக்கற்க என்றும் அவர் வரையறுத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.

அற்றேல், வாதநூலை விலக்குதல் நன்றாமோ எனின், அன்று. காரிஜியர் பிழையை அறியாதான், தன் கடுமையையே பக்தியென மயங்கிப் பிறரைக் கொடுமை செய்வன். ஆகலின் இரண்டும் ஒருங்கே கற்பிக்கற்பாலன. தஃப்தாஸானீ உரை பிறன்மேற் தீர்ப்புக் கூறாது நாவை அடக்கும். கஸ்ஸாலீ நூல் தன்மேற் தீர்ப்புக் கூறிக்கொள்ள நெஞ்சைப் பழக்கும். முன்னையது மட்டுங் கற்றான் வாதவல்லனாவன். பின்னையதும் கற்றானே பிறர்க்கு ஆசானாதற்கு உரியன் என்க.