காலண்டர் அட்டையில் ராயபுரம் நிலையம்

தினசரி காலண்டரில் டிசம்பர் 31-ஐக் கிழித்ததும் மிஞ்சும் அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் வீட்டில் அப்படிச் சேர்ந்த நான்கு அட்டைகளில்தான் ராயபுரம் ரயில் நிலையத்தின் மாடலைக் கட்டினேன். ஒரு மழைக்காலம் முழுக்கத் திறந்த அலமாரியில் வைத்துப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

ஏன் ராயபுரம்? மாடல் ரயில்களுக்கு விலைக்கு வரும் கட்டடப் பெட்டிகளில் பெரும்பாலும் ஐரோப்பிய நிலையங்கள்தான். 1856 ஜூன் 28-ல் திறந்து, ஜூலை 1-ல் வாலாஜா ரோட்டுக்கு முதல் ரயிலை அனுப்பிய நிலையத்தை அவற்றில் நான் பார்த்ததில்லை. எங்களுக்கோ அது காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும்போதெல்லாம் கண்ணில் படுகிற கட்டடம். நம் ஊர் நிலையம் வேண்டுமென்றால் நாம்தான் வெட்ட வேண்டும்.

அளவு

எடுத்துக்கொண்டது எச்.ஓ. அளவு, அதாவது 87-ல் ஒரு பங்கு. பஸ்ஸில் பொன்னேரி, அங்கிருந்து மின்சார ரயிலில் ராயபுரம். சுவரை ஒட்டி ஒரு மீட்டர் குச்சியை நிறுத்தி, நேர் எதிரே நின்று படம் எடுத்தேன். படத்தில் குச்சியின் நீளம் தெரிந்தால் அந்தச் சுவரில் உள்ள மற்ற அளவுகள் தானே கிடைத்துவிடும். ஏழடிக் கதவு மாடலில் 24.5 மி.மீ. சுமார் 21.3 மீட்டர் நீளமுள்ள ஐ.சி.எஃப். ரயில் பெட்டி 24.5 செ.மீ. மூன்று பெட்டி நிற்க 75 செ.மீ. நடைமேடை போதும்.

ஒன்றை மறக்கக் கூடாது. எச்.ஓ. தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ. நம் அகலப்பாதை 1676 மி.மீ.; அதை 87-ஆல் வகுத்தால் 19.3 வரும். ஆகவே நடைமேடை விளிம்பைத் தண்டவாளத்தை வைத்துக் குறிக்காமல், 37 மி.மீ. வரும் பெட்டியின் அகலத்தை வைத்துக் குறியுங்கள். இல்லையென்றால் பெட்டி உரசும்.

பொருட்கள்

2 மி.மீ. காலண்டர் அட்டை ஒன்று, நிஜத்தில் 17 செ.மீ. சுவருக்குச் சமம். பழைய கட்டடத்தின் தடித்த சுவருக்கு மூன்று அட்டைகளை ஒட்டினேன். ஜன்னல் உள்வாங்கி, நிழல் விழுந்தது. அந்த நிழல் வந்ததும் அட்டை கட்டடமாகிவிட்டது. ஜன்னல் சட்டத்துக்குக் கல்யாணப் பத்திரிகை, கண்ணாடிக்குச் சட்டைப் பெட்டியின் பிளாஸ்டிக் மூடி, மழைநீர்க் குழாய்க்கு ஈர்க்குச்சி, கம்பிகளுக்கு அறுந்த நரம்பு வலையின் இழை.

தூண்தான் சவால். தீர்ந்துபோன பேனா ரீஃபில் மீது, சாய்வாக வெட்டிய நாளிதழ்த் துண்டைப் பசை தடவிச் சுற்றினேன். சாய்வு வெட்டால் அடிப்பக்கம் பருத்தும் மேல்பக்கம் மெலிந்தும் வந்தது.

நடைமேடைக் கூரைக்கு முதலில் பெட்டி அட்டையின் மேல்தாளை உரித்துப் பார்த்தேன். அதன் மடிப்பு இந்த அளவுக்கு மிகப் பெரிது. பேன் சீப்பின் மேல் அலுமினிய ஃபாயிலை விரித்து விரல் நகத்தால் அழுத்தியபோது, தகரக் கூரையின் நெளிவு அச்சாக விழுந்தது.

ஏரிக்காற்றுச் சோதனை

முதல் சுவர் ஐப்பசி மழையில் ஓடுபோல வளைந்தது. காகித நார் ஈரம் குடித்தால் குறுக்குவாட்டில்தான் அதிகம் விரியும். நான் எல்லா அட்டையையும் ஒரே திசையில் ஒட்டியிருந்தேன், வார்னிஷும் ஒரு பக்கம்தான். இரண்டாம் முறை நடு அட்டையைத் திசைமாற்றி ஒட்டி, இரவு முழுக்க அம்மிக்குழவியின் கனத்தில் வைத்து, இரு பக்கமும் வெட்டு விளிம்புகளிலும் வார்னிஷ் பூசினேன். மார்கழி முடியும்வரை அசையவில்லை.

மைதாப் பசை கரப்பானை இழுத்தது. ஒரு மூலையே போய்விட்டது. பைண்டிங் செய்பவர்கள் அதில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகாது. வெள்ளைப் பசையே நல்லது.

குறைகள்

நேரம் நிறைய வேண்டும்: ஒரு சுவருக்கு இரண்டு மாலைப்பொழுதுகள் போயின. கட்டர் பிளேடை அடிக்கடி உடைத்துப் புதுமுனை எடுக்காவிட்டால் விளிம்பு பிசிறும். சிறுவர்களிடம் தனியாகக் கொடுக்க வேண்டாம். நேரடியாகத் தண்ணீர் பட்டால் வார்னிஷும் காப்பாற்றாது.

தீர்ப்பு

கட்டர், பசை, வார்னிஷ் மூன்றும்தான் விலைக்கு வாங்கியவை. மற்றதெல்லாம் குப்பைக்குப் போயிருக்க வேண்டியவை. உப்புக்காற்று அடிக்கும் ஊரிலும் அட்டையைத் தயங்காமல் நம்பலாம். ஈரத்துக்கு முன்யோசனை இருந்தால் போதும்.

காசிமேட்டில் மீன் எடுத்து விற்கும் பக்கத்து வீட்டு அக்கா மாடலைக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “எல்லாம் இருக்கு தம்பி, என் கூடை எங்கே?” இரண்டடிக் கூடை இந்த அளவில் 7 மி.மீ. பனையோலையை நூல்போலக் கிழித்து, மூன்றாவது முயற்சியில் பின்னி முடித்தேன். இப்போது நடைமேடையில் முதல் தூணருகே இருக்கிறது.