டேவி கண்ட ஊவாப் போர்

கண்டியர் தம் ஆட்சியை மீட்கத் திரண்டெழுந்த இறுதிப் பெரும்போர் 1817ஆம் ஆண்டில் ஊவா, வெல்லஸ்ஸப் பகுதிகளில் மூண்டது. ஆங்கிலப் படையின் மருத்துவரான ஜான் டேவி, இலங்கையின் உள்நாட்டைப் பற்றி 1821இல் வெளியிட்ட நூலில் அதனை வரைந்துள்ளார். அவர் வென்றோர் பக்கத்தவர் என்பதை மனத்திற்கொண்டே அந்நூலை மதிப்பிடல் வேண்டும்.

கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட ஊவாத் திசாவை கெப்பெட்டிப்பொல, கிளர்ந்தோருடனேயே சேர்ந்தார். தோல்வியுற்றுப் பிடிபட்ட அவர், 1818 நவம்பர் 26இல் தலை துணிக்கப்பட்டபோது காட்டிய கலங்காமையை டேவி மறையாது போற்றுகிறார். பகைவன் பெருமையைப் பகைவனே பேசுதல் அரிது. ஆங்கிலேயர் இழப்பு ஏறத்தாழ 1,000 என்றும், நோயும் பஞ்சமும் கொண்டோர் உட்படக் கண்டியர் இழப்பு 10,000 ஆகலாம் என்றும் கணித்து, அந்நாட்டுள் புகுந்ததற்கே வருந்தத் தோன்றுகிறது என்னுமளவுக்கு அவர் செல்கிறார். இந்நேர்மையே நூலின் உயிர்.

குறை, அளவிலே உள்ளது. தலைவர் ஒருவரின் இறுதிக் கணங்கள் ஓவியமாய் விரிய, பதினாயிரவர் சாவு ஓர் எண்ணாய்ச் சுருங்குகிறது. தலைவர்தம் உரிமைகளை 1818 நவம்பர் 21ஆம் நாட் பிரகடனம் குறைத்தது. வீடும் விளைவும் எரியுண்ட உழவர் இழந்ததை எப்பிரகடனமும் உரைக்கவில்லை.

இன்று பதுளைச் சரிவுகளில் கொழுந்து பறிப்போரின் முன்னோர், அப்போருக்குப் பிற்காலத்தே கடல் கடந்து வந்தோர். அவர்தம் சாவுகளும் பெரிதும் எண்ணாகவே எஞ்சின. ஆதலின் டேவியின் நூலை அவர் வழித்தோன்றல்கள் கற்குங்கால், அவ்வெண்ணின் முன் சற்றே நின்று செல்லுதல் கடன்.