ஜாஸ் இசையில் மகளிர்

ஜாஸ் என்னும் இசை ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியிலே, நியூ ஓர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்களிடையே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்றது. அடிமைத்தளை அறுந்த பின்னும் தாழ்வு நீங்கப்பெறாத மக்கள் தம் உள்ளத்தைத் தடையின்றி வெளியிடக் கண்ட கலை அது. அத்தகைய கலையிலும் மகளிர்க்குப் பெரும்பாலும் இரு வாயில்களே திறந்திருந்தன. ஒன்று வாய்ப்பாட்டு, மற்றொன்று பியானோ. இல்லத்திலும் தேவாலயத்திலும் பெண்கள் பியானோ பயின்று வந்தமையால் அஃது அவர்க்கு அடாததெனக் கருதப்படவில்லை. ஊதுகருவிகளும் முரசும் ஆடவர்க்கே உரியன என்பது எழுதாச் சட்டமாயிற்று.

மேரி லூ வில்லியம்ஸ் (1910-1981) பியானோ என்னும் வாயிலாற் புகுந்தவர். கன்சாஸ் நகரிலே அன்டி கேர்க் நடத்திய குழுவிற் பியானோ வாசித்ததோடு, அக்குழுவிற்கு இசையமைப்புக்களும் எழுதினார். பல கருவிகள் சேர்ந்தொலிக்கும் குழுவில் எக்கருவி எங்கே எழவேண்டும், எது எங்கே அடங்கவேண்டும் என வகுப்பவரே குழுவின் குரலை ஆக்குபவர். கேட்போர் கண்டதோ முன்னின்ற தலைவரை மாத்திரமே. பெனி குட்மனும் டியூக் எலிங்ரனும் அவருடைய அமைப்புக்களைத் தம் குழுக்களில் ஒலிப்பித்தனர். 1945 இல் அவர் பன்னிரண்டு இராசிகளையும் பன்னிரு பகுதிகளாக்கி ஒரு தொடரிசை இயற்றினார். பேரிசைக் குழுவிற்கென விரித்த வடிவிலும், சிறுகுழுவாக ஒலிப்பதிவு செய்த வடிவமே செறிவுடையது. இடையிடையே விடப்பட்ட மௌனங்கள் அதிலேதான் பொருள் பெறுகின்றன.

இத்தகையோரை, "ஆடவரைப்போல வாசிப்பவர்" என்று புகழ்வது அக்காலத் திறனாய்வாளர் பலரின் வழக்கம். புகழுரையின் வடிவில் வந்த இகழ்ச்சி அது. வாசிப்பை அளக்கவேண்டிய கோலை வாசிப்பவரின் பால்மீது வைத்தபின் திறனாய்வு எங்ஙனம் நடைபெறும்?

போர்க்காலத்தில் மகளிர் குழுக்களுக்கு மேடை கிடைத்தது. 1937 இல் மிசிசிப்பிப் பாடசாலையொன்றில் தோன்றிய 'இன்ரர்நஷனல் சுவீற்ஹார்ட்ஸ் ஒவ் றிதம்' என்னும் குழு, 1945 இல் ஐரோப்பாவிலிருந்த படையினர்க்கு வாசித்தது. 1949 அளவிற் குழு கலைந்தது. இரவலாகக் கிடைத்த மேடை போலும்!

ட்றொம்போன் ஊதிய மெல்பா லிஸ்ரனின் (1926-1999) வாழ்வு இன்னும் தெளிவான சான்று. 1949 இல் பாடகி பில்லி ஹொலிடேயுடன் சென்ற தென்மாநிலப் பயணம் கேட்போரின்றி முறிந்தது. மனம் நொந்த அவர் கருவியைக் கைவிட்டு, லொஸ் ஏஞ்சலிஸ் கல்விச்சபையில் எழுத்துவேலை பார்த்தார். 1956 இல் டிஸி கில்லெஸ்பி அழைத்தபொழுது, பெண்ணொருத்தி எதற்கு எனக் குழுவினர் முணுமுணுத்தனர். அவர் எழுதிய அமைப்பு அவர்கள் முன் வைக்கப்பட்டது, வாசிக்க முயன்று தடுமாறினர், முணுமுணுப்பும் அடங்கிற்று. அக்குழுவோடு கராச்சி, டாக்கா வரை அவர் சென்றார். ஆடவரொருவர் இத்தகைய பரீட்சையின்றியே அவ்விருக்கையில் அமர்ந்திருப்பார்.

ஜாஸ் மாணவர் பயிலும் பழைய பாடற்றொகுப்புக்களில் மகளிர் இயற்றியவை மிக அரியன. முரசுக் கலைஞர் ரெறி லின் கரிங்ரன் 2022 இல் வெளியிட்ட தொகுப்பில் உள்ள 101 படைப்புக்களும் பெண்கள் இயற்றியவை.