லீட்ஸ் உணவுக்கூடத்தில் ஓர் இரவு

1970 பிப்ரவரி 14 அன்று இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக மாணவர் உணவுக்கூடத்தில் தி ஹூ குழுவினர் வாசித்தார்கள். அந்தக் கச்சேரியிலிருந்து ஆறு பாடல்கள் அதே ஆண்டு மே மாதம் ‘லைவ் அட் லீட்ஸ்’ என்ற இசைத்தட்டாக வந்தன. மேடையில் ஹெவி ராக் எவ்வளவு மூர்க்கமாக ஒலிக்கும் என்பதற்கு இதைத்தான் எல்லோரும் முதலில் காட்டுகிறார்கள். அந்தப் புகழ் தகுமா என்று பார்க்க வேண்டுமானால், மூர்க்கம் என்று எதைச் சொல்கிறோம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சத்தம் என்பது எளிய பதில். 1976-இல் லண்டன் சார்ல்டன் மைதானத்தில் இதே குழுவின் ஒலி 32 மீட்டர் தொலைவில் 126 டெசிபல் என்று அளக்கப்பட்டு கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. செவிக்குக் கேடு என்று பின்னர் அந்தப் பிரிவையே கின்னஸ் கைவிட்டது. கச்சேரிக்குப் போனவரின் நெஞ்சை அந்த ஒலி அதிரவைத்திருக்கும். வீட்டில் இசைத்தட்டு கேட்பவருக்கோ ஒலியைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் கையில். ஆகவே நான் வைக்கும் சோதனை இது: பக்கத்து அறையில் குழந்தை தூங்கும் அளவுக்கு ஒலியைக் குறைத்துவிட்டுக் கேளுங்கள். அப்போதும் முதுகு நிமிர்கிறதா?

‘யங் மேன் ப்ளூஸ்’ பாடலில் நிமிர்கிறது. மோஸ் அலிசன் பியானோவோடு பாடிய சிறு ஜாஸ் பாட்டு அது. லீட்ஸில் ரோஜர் டால்ட்ரி ஒரு வரியைத் துணையின்றிப் பாடுகிறார். மற்ற மூவரும் அடியோடு நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறார்கள். வரி முடிந்ததும் மூவரும் ஒன்றாக விழுகிறார்கள். மீண்டும் நிசப்தம், மீண்டும் விழுகை. அந்த நிசப்தத்தில்தான் அச்சம் இருக்கிறது. ஒருவர் அரை நொடி முந்தினாலும் அத்தனையும் சரிந்துவிடும். நடுப்பகுதியில் அந்தக் கட்டும் அவிழ்கிறது. பீட் டவுன்ஷெண்டின் கிதார் தாளத்தைப் பிடித்துக்கொள்ள, ஜான் என்ட்விசில் பாஸ் கிதாரில் தனி வாசிப்பே நிகழ்த்துகிறார். கீத் மூன் டிரம்ஸில் காலப்பிரமாணத்தைக் காவல் காப்பவர் அல்லர். பாடகரின் சொல்லையும் கிதாரின் வீச்சையும் துரத்திக்கொண்டு போகிறவர். வழக்கமாக அடித்தளமாக இருக்க வேண்டிய இருவரும் முன்னால் ஓட, முன்னால் நிற்க வேண்டிய கிதார் தரையைத் தாங்குகிறது. கருவி மூன்றுதான். பாஸ் ஒரு பக்கமும் கிதார் மறுபக்கமும் ஒலிப்பதால், யார் கை எங்கே தடுமாறினாலும் மறைக்க வேறு கருவி கிடையாது.

ஆக, நான் மூர்க்கம் என்று சொல்வது, விழக்கூடிய ஒன்று விழாமல் நிற்பதைக் காதால் கேட்பது. இந்த அளவுகோலை வைத்தவுடன், பிற்பாடு ஸ்டுடியோவில் திருத்திய ‘நேரடி’ இசைத்தட்டுகள் கூண்டில் ஏறுகின்றன. ஜூடாஸ் பிரீஸ்ட் குழு 1979-இல் ஜப்பானில் பதிவு செய்த ‘அன்லீஷ்ட் இன் தி ஈஸ்ட்’ தட்டில் பாடகர் ராப் ஹால்ஃபோர்டின் குரல் ஸ்டுடியோவில் மறுபடி பாடப்பட்டது. தின் லிசியின் ‘லைவ் அண்ட் டேஞ்சரஸ்’ (1978) தட்டில் முக்கால் பங்கு ஸ்டுடியோ வேலை என்றார் தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி. முக்கால் பங்கு மேடையில் வாசித்ததே என்றது குழுவின் தரப்பு.

இங்கே லீட்ஸையும் விடக் கூடாது. பின்னணிக் குரல்கள் சரியாகப் பதிவாகாததால் அவை அங்கும் ஸ்டுடியோவில்தான் சேர்க்கப்பட்டன. அப்படியானால் வித்தியாசம் என்ன? எது திருத்தப்பட்டது என்பதுதான். லீட்ஸின் ஆபத்து மூன்று கருவிகளுக்கு நடுவே இருக்கிறது. அதை யாரும் தொடவில்லை. ஹால்ஃபோர்டின் உச்சக் குரலோ அந்தத் தட்டின் ஆபத்தே. அதைப் பத்திரமான அறையில் மறுபடி பாடிய பிறகு, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பதற்றம் மட்டும் போய்விட்டது.

என் வாதத்துக்கு எதிரான சான்று ஒன்றும் உண்டு. லீட்ஸுக்கு மறுநாள் ஹல் நகரக் கச்சேரியும் பதிவானது. ஆனால் தொடக்கப் பாடல்கள் சிலவற்றில் பாஸ் பதிவாகவில்லை. 2010-இல் அதை வெளியிட்டபோது, லீட்ஸில் என்ட்விசில் வாசித்த பாஸை எடுத்து அந்தப் பாடல்களோடு பொருத்தினார்கள். பொருந்தியது! ஓர் இரவின் வாசிப்பு இன்னோர் இரவோடு பொருந்துமானால், நான் சொல்லும் ஆபத்து எங்கே? குறுகிய, கட்டுக்கோப்பான பாடல்களில் ஆபத்து குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ‘சப்ஸ்டிட்யூட்’ நல்ல வாசிப்பு. அதற்கு மேல் இல்லை. லீட்ஸின் பெருமை அவிழ்ந்து ஓடும் பாடல்களில் இருக்கிறது. அவற்றிலும் எல்லாம் தேறவில்லை: ‘மேஜிக் பஸ்’ ஒரே தாளத்தில் நீண்டு அலுக்கிறது. பதினைந்து நிமிடத்தை நெருங்கும் ‘மை ஜெனரேஷன்’ இரண்டொரு இடத்தில் வழி தேடி நிற்கிறது.

உண்மையான போட்டி டீப் பர்ப்பிள் குழுவின் ‘மேட் இன் ஜப்பான்’. 1972 ஆகஸ்ட் 15, 16 தேதிகளில் ஒசாகாவிலும், 17-ஆம் தேதி டோக்கியோ புடோகான் அரங்கிலும் மார்ட்டின் பர்ச் பதிவு செய்தது. வாசிப்புத் திறமையில் இவர்கள் தி ஹூவை விட ஒரு படி மேல்; இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஹேமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்ப்ளிஃபையர் வழியாக உறுமவைத்த ஜான் லார்டுக்கு நிகராக லீட்ஸில் எதுவும் கிடையாது. ‘ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் உமன்’ பாடலில் ரிச்சி பிளாக்மோர் கிதாரில் ஒரு சங்கதியைப் போட, இயன் கில்லன் அதைத் தொண்டையால் திருப்பித் தருகிறார். ஒவ்வொரு முறையும் கேள்வி கடினமாகிறது. ஆனால் இங்கே தோற்றுவிடுவார்கள் என்ற பயம் எனக்கு ஒரு கணமும் வரவில்லை. தனி வாசிப்பு வந்தால் மற்றவர் ஒதுங்கி இடம் கொடுக்கிறார்கள். ‘தி மியூல்’ இயன் பெய்ஸின் டிரம்ஸ் மேடையாகவே ஆகிவிடுகிறது. இருபது நிமிட ‘ஸ்பேஸ் டிரக்கின்’ பின்பாதியில் தளர்கிறது. மேலும் இந்தத் தட்டு மூன்று இரவுகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்தது. லீட்ஸ் ஒரே இரவு.

இசைக்கலைஞராக விரும்பும் ஒருவருக்கு நான் ‘மேட் இன் ஜப்பான்’ தட்டைத்தான் கொடுப்பேன். மேடையின் மூர்க்கம் என்ற ஒரே கேள்விக்கு மட்டும் தீர்ப்பு லீட்ஸின் பக்கம், சிறு வித்தியாசத்தில்.

எந்தப் பதிப்பைக் கேட்பது என்பதும் தீர்ப்பில் சேர்ந்தது. 1995 குறுந்தகட்டில் பதினான்கு பாடல்கள் உண்டு. கச்சேரியின் போக்கை அறிய அது தேவை. ஆனால் முதல் தட்டின் லேபிளில், கேட்கும் சடசடப்பு ஒலிகள் குறை அல்ல, திருத்த வேண்டாம் என்று கையெழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. 1995-இல் அந்தச் சடசடப்பை டிஜிட்டல் முறையில் துடைத்தெடுத்துவிட்டார்கள். முடிந்தால் பழைய ஆறு பாடல் தட்டைத் தேடிக் கேளுங்கள். முதல் முறை ஒலியைக் குறைத்தே வையுங்கள்.