ஒட்டும் படமும் ஒட்டாத மலையும்

தமிழில் திரைப்பட விமர்சனம் என்ற பெயரில் எழுதப்படுபவற்றை நோக்குமிடத்து, அவை பெரும்பாலும் கதை, உரையாடல், நடிப்பு, பாடல் என்னும் நான்கு எல்லைகளுக்குள்ளேயே நின்றுவிடுவதைக் காணலாம். வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு வேளைகளில் எடுக்கப்பட்ட படங்களை ஒரே சட்டகத்தினுள் ஒன்றுசேர்க்கும் படவிணைப்பும், எழுத்தையும் வடிவத்தையும் திரையில் இயங்கச் செய்யும் அசைவு வரைகலையும் ‘தந்திரக் காட்சிகள்’ என்ற ஒரு தொடரால் ஒதுக்கப்பட்டுவிடுகின்றன. ஒட்டுத் தெரிகின்றதா, தெரியவில்லையா என்பதே இவை குறித்து நாம் கேட்கும் வினா. அதனினும் முதன்மையான வினா ஒன்றுண்டு: ஒட்டப்பட்ட இரு படங்களும் ஒன்றோடொன்று என்ன உறவு கொள்கின்றன?

இவ்வுத்தி திரைப்படத்தின் வயதையே உடையது. பிரான்சிய மாயவித்தைக்காரரான ஜோர்ஜ் மெலியே 1898 இலேயே தமது தலையைக் கழற்றி மேசைமீது வைக்கும் குறும்படமொன்றை ஆக்கினார். கரிய பின்னணியும், ஒரே சுருளை மீண்டும் மீண்டும் ஒளிபடச் செய்தலுமே அவரது கருவிகள். தமிழ்த்திரையில் இரட்டை வேடம் நிலைபெற்றதும் இதற்கு நெருங்கிய ஒரு முறையினாலேயாம். பி. யு. சின்னப்பா நடித்த ‘உத்தம புத்திரன்’ (1940), அதே பெயரில் சிவாஜி கணேசன் நடித்த 1958 ஆம் ஆண்டுப் படம் ஆகியன யாவரும் அறிந்தவை. இத்தகைய படங்களில் வழக்கமாகக் கையாளப்பட்ட முறை எளிது. சட்டகத்தின் ஒரு பாதியை மறைத்துப் படம்பிடித்து, சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, மறு பாதியைப் பின்னர் பிடிப்பர். கமரா இம்மியும் அசையக்கூடாது. மறைப்பின் கோடு ஒரு தூணிலோ கதவு நிலையிலோ விழுமாறு அரங்கு அமைக்கப்படும். இதனால் நம் சினிமாவின் இரட்டையர் நெடுங்காலம் ஒருவரையொருவர் தொடாமலே பாசம் காட்டினர். தழுவவேண்டிய இடத்தில் ஒருவர் முகம் தெரிந்தால் மற்றவர் முதுகுதான் தெரியும். அம்முதுகு பெரும்பாலும் வேறொருவருடையது.

ஆயினும் அவ்வெல்லைக்குள்ளும் உயர்ந்த கலை பிறந்துள்ளது. ‘மாயா பஜார்’ (1957) படத்தில், கடோற்கசனாக வரும் எஸ். வி. ரங்காராவின் வாயினுள் இலட்டுகள் தாமாகவே பறந்து புகுகின்றன. மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவுத் திறன் பற்றிப் பலர் பாராட்டி எழுதியுள்ளனர். ஆனால் அக்காட்சியை நம்பவைப்பது ரங்காராவின் கண்களே. இலட்டின் பாதையை அக்கண்கள் பின்தொடர்கின்றன; நடிகனின் பார்வை இரு படங்களையும் தைக்கும் நூலாகின்றது. ‘திருவிளையாடல்’ (1965) இன்னும் ஒருபடி மேற்செல்கின்றது. பாடுபவரும் வீணை மீட்டுபவரும் குழலூதுபவரும் மத்தளம் கொட்டுபவருமாகப் பல சிவாஜிகள் ஒரே சட்டகத்தில் அமர்ந்திருக்கின்றனர். பாட்டு நிற்குமிடத்து இயற்கையின் இயக்கமும் உறைகின்றது. அனைத்தும் ஒருவனே என்னும் சைவக் கருத்துக்குப் படவிணைப்பே இங்கு உரையாக அமைந்துள்ளது. ஒட்டு ஆங்காங்கே தெரியத்தான் செய்கின்றது. அதனால் என்ன குறைந்துவிட்டது?

கணினி வந்தபின் ஒட்டு மறைந்தது. ‘எந்திரன்’ (2010) படத்தின் இறுதிப் பகுதியில் நூற்றுக்கணக்கான இயந்திர மனிதர் கூடி உருண்டையாகின்றனர், பாம்பாகின்றனர், பேருருவாகின்றனர். உழைப்பில் ஐயமில்லை. எனினும், விஞ்ஞானியும் அவரது படைப்பும் எதிரெதிரே நின்று உரையாடும் முற்பகுதிக் காட்சிகளே என் மனதில் தங்குகின்றன. அங்கே இரு உருவங்களுக்கிடையில் ஏதோவொன்று நிகழ்கின்றது. இறுதியில் நிகழ்வது எண்ணிக்கை மாத்திரமே.

இவ்வளவும் கூறியது தொலைக்காட்சிக்கு வருவதற்காகவே. இன்று படவிணைப்பை நாம் மிகுதியாகக் காண்பது திரையரங்கிலன்று, செய்தியறிக்கையிலாகும். அறிவிப்பாளரின் பின்னால் ஒரு பச்சைத் துணி தொங்கும். பச்சை மனிதத் தோலின் நிறத்துக்கு வெகு தொலைவானதாகையால், கணினி அந்நிறத்தை மட்டும் களைந்து அவ்விடத்தில் வேறொரு படத்தை நிரப்பும். (தேயிலை மலையில் இம்முறையைக் கையாண்டால் துணியோடு கொழுந்தும் மறைந்துபோகும், அங்கே நீலத்துணிதான் உதவும்.) மலையகச் செய்தியாயின் பின்னணியில் வருவது பெரும்பாலும் ஒரே காட்சி: பசுமைச் சரிவு, முதுகில் கூடை, புன்னகைக்கும் ஒரு பெண். பல தோட்டங்களில் கூடையின் இடத்தை நைலோன் பை பிடித்துவிட்டதையும், இடுப்பில் கட்டும் படங்கையும், காலில் ஏறும் அட்டையையும் அப்படம் அறியாது.

படவிணைப்பில் தேர்ந்தவர்கள் இரண்டு விடயங்களில் மிகக் கவனமாயிருப்பர். ஒன்று, காலடி நிழல். நிழலின்றி ஒட்டப்பட்ட உருவம் நிலத்தில் நிற்பதில்லை, மிதக்கின்றது. மற்றது, தூரத்தின் வெளிறல். உடப்புசல்லாவையில் நின்று பார்ப்பவர்க்கு இது சொல்லித்தர வேண்டியதன்று. முதல் முகட்டின் கரும்பச்சை இரண்டாவதில் சாம்பலாகி, மூன்றாவதில் வானத்தோடு கலந்துவிடும். இடையிலுள்ள ஈரக்காற்றும் பனிமூட்டமும் செய்யும் வேலை அது. செய்திப் பின்னணியின் மலைக்கோ முகடுகள் எல்லாம் ஒரே பச்சை. அறிவிப்பாளரின் நிழல் அம்மலையில் விழுவதில்லை. மலையின் ஒளியும் அவர் முகத்தில் படுவதில்லை. இரு படங்களும் அருகருகே உள்ளன, ஒன்றையொன்று அறியா. இதைத் தொழில்நுட்பக் குறை என்று மட்டும் தள்ளிவிடலாகாது. நாளொன்றுக்கு 1000 ரூபா என்று 2021 இல் வர்த்தமானி வந்தபோதும், 2024 மே மாதத்தில் 1700 என்று அறிவிக்கப்பட்டுச் செப்டெம்பரில் 1350 ஆகச் சுருங்கியபோதும், அத்தொகைகளுக்குப் பின்னால் புன்னகை மாறவில்லை. சம்பளப் போராட்டம் ஒன்றின் பின்னணியாக உல்லாசப் பயண விளம்பரம் ஓடுவது எவருக்கும் உறுத்தாதிருப்பதே வியப்பு.

அசைவு வரைகலைக்கு வருவோம். ‘அண்ணாமலை’ (1992) படத்தின் தொடக்கத்தில் ‘சூப்பர் ஸ்டார்’ என்னும் ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றாகப் புள்ளிகளால் உருப்பெற்று வந்தன. லயன் வீடுகளிலும் சிறுவர் அவ்வெழுத்துகளை வாயால் எண்ணியபடி காத்திருப்பர். ஒரு பெயர் திரையில் எழுந்து வரும்போது அதற்குரியவர் நம் கண்முன் பெரிதாகின்றார் என்பதை அவ்வரைகலை உணர்ந்திருந்தது. செய்தியறிக்கையில் அதே கலை திரையின் அடியில் ஓடும் பெயர்ப்பட்டையாக வருகின்றது. அமைச்சர் பேசினால் பெயரும் பதவியும் பட்டையில் வழுக்கிக்கொண்டு வருகின்றன. தொழிற்சங்கத் தலைவருக்கும் அவ்வாறே. மலையில் நிற்கும் பெண் பேசும்போது, பட்டை வருமாயின், அதில் இருப்பது ‘தோட்டத் தொழிலாளி’ என்னும் ஒரு தொடரே. இலங்கைத் தேயிலையின் ஏழு பிரதேசங்களுள் ஒன்றாக உடப்புசல்லாவையின் பெயர் பெட்டிமேல் அச்சாகி உலகெங்கும் செல்கின்றது. அக்கொழுந்தைப் பறித்தவர் இரண்டு நிமிடம் தொலைக்காட்சியில் பேசினாலும் அவருக்குப் பெயரில்லை. அப்பெயரைத் தட்டச்சுச் செய்ய வரைகலைஞருக்கு வேண்டியது சில வினாடிகள்; அதற்குமுன் ஒலிவாங்கியை நீட்டியவர் அதைக் கேட்டிருக்க வேண்டும்.