வியாகுலப் பிரசங்கமும் தன்பொறுப்பும்: ஒரு நோக்கு

ஊர்காவற்றுறை, கரம்பொன், நாரந்தனை முதலாய தீவகக் கத்தோலிக்க ஊர்களில் தபசுகாலத்து மாலைகளுக்கென்றே உரிய ஓர் ஒலி உண்டு. யேசுவின் பாடுகளைப் புலம்பல் இராகத்தில் இழுத்துப் படிக்கும் அவ்வழக்கினை மக்கள் ‘பசாம்’ என்பர். பாடுகளைக் குறிக்கும் போத்துக்கேயச் சொல்லின் திரிபு அது. இம்மரபின் தலையாய நூல் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளின் ‘வியாகுலப் பிரசங்கம்’. கோவாவிற் பிறந்து, ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையை ஒடுக்கிய காலத்தில், 1705இல் இலங்கை வந்து, 1742இல் இங்கேயே மறைந்தவர் அவர். அவரது உரைநடை பற்றிப் பேசப்பட்ட அளவிற்கு, இப்புலம்பல் கேட்போனை எவ்விடத்தில் நிறுத்துகின்றது என்பது பேசப்படவில்லை.

யாழ்ப்பாணத்து மரணவீட்டு ஒப்பாரியோடு பசாமை ஒப்பிடுமிடத்து வேறுபாடு புலனாகும். இராகமும் விளியும் பெரிதும் ஒன்றே. ஆயின் ஒப்பாரியில் அழுபவள் இழந்தவள், குற்றமற்றவள். குற்றம் நமனுடையது, விதியினது, சிலவேளை அயலவருடையது. பசாமிலோ அழுபவரே கொலைக்குக் காரணர். சவுக்கையும் முள்முடியையும் கேட்டுக் கண்ணீர் விடுபவன், அவற்றைத் தன் பாவமே முடைந்தது என்று மார்பில் அறைந்துகொள்கின்றான். துக்கவீட்டின் மொழியை எடுத்து, துக்கம் கொண்டாட வந்தவனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் இம்மாற்றமே இவ்வகை இலக்கியத்தின் பெருஞ்சாதனை எனலாம்.

இது அடிகளாரின் தனிக்கருத்தன்று. திரிதெந்தீன் சங்கத்தைத் தொடர்ந்து 1566இல் வெளிவந்த ஞானோபதேசம், பாவிகளே கிறிஸ்துவின் பாடுகளுக்குக் காரணர் என்று கற்பித்தது. எனினும் உலகெங்கும் பாடுகளின் நாடகங்களும் புலம்பல்களும் யூத இனத்தின்மீது பழியைச் சுமத்தி, கேட்போனுக்கு ஒரு தப்பும் வழியையும் திறந்துவைத்தன. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், அப்பழியை அக்கால யூதர் அனைவர்மீதோ இக்கால யூதர்மீதோ சுமத்தலாகாது என அறிவித்தபோது, அவ்வழி அடைபட்டது. எஞ்சி நிற்பவன் கேட்போன் ஒருவனே.

குற்றத்தை ஏற்பதும் பொறுப்பை ஏற்பதும் ஒன்றா என்பது அடுத்த வினா. சிலப்பதிகாரப் பாண்டியன் ஊழின்மேற் பழி போடாது, தானே கள்வன் என ஏற்று அக்கணமே உயிர்விடுகின்றான். யூதாசும் முப்பது வெள்ளிக்காசுகளைத் திருப்பி எறிந்து, குற்றத்தை வாய்விட்டுக் கூறியே நான்றுகொண்டான். (காசைக் கொடுத்த குருக்களோ தமக்கு அதிற் பங்கில்லை என்று தட்டிக்கழித்தனர்.) மும்முறை மறுதலித்த இராயப்பரும் அழுதார், ஆயின் அழுதபின் வாழ்ந்தார். குற்றத்தை அறிந்தபின்னும் உயிரோடிருந்து அதற்கு விடைசொல்லும் கடினமான வழியையே கிறிஸ்தவ நோக்கு பொறுப்பு எனக் கொள்கின்றது. சக்கேயு கண்ணீர் விட்டதாகச் சுவிசேஷம் கூறவில்லை. ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவே கூறுகின்றது. பசாம் இராயப்பரின் கண்ணீர்வரை கேட்போனை அழைத்துச் செல்கின்றது. சக்கேயுவின் வீட்டுக்கு அது அழைத்துச் செல்வது அரிது. அழுகையே கடன்தீர்த்தல் ஆகிவிடும் அபாயம் இங்குள்ளது.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. ‘என் பாவம்’ என்பது தன்மையிடத்தில் மட்டுமே பொருந்தும் சொல். அதனைப் பாதிக்கப்பட்டவனின் வாயில் மற்றவர் திணிப்பின், கைகழுவிய பிலாத்து மறைந்துபோகின்றான். 2006 ஓகஸ்ட் 13இல் அல்லைப்பிட்டி புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது எறிகணைகள் வீழ்ந்தன, பலர் மாண்டனர். காயமுற்றோரைக் காக்க ஓடிய பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார், அம்மாதம் 20ஆம் திகதி, உடன்சென்ற ஒருவரோடு காணாமற்போனார். அதற்குப் பொறுப்பேற்று எவரும் முன்வரவில்லை. அவ்வூரிலிருந்து பசாம் கேட்கும் ஒருவனுக்குச் சவுக்கடியினும் முள்முடியினும் நீண்டு ஒலிக்கக்கூடியது, தேசாதிபதி தண்ணீர் கொண்டுவரச் சொல்லும் அந்த இடமே.