மூன்று லட்சம் ஓட்டு, ஒரே ஒரு சீட்டு

இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் மண்டபமான ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமின் 2025-ஆம் ஆண்டு ரசிகர் வாக்கெடுப்பில் முதலிடம் பிடித்தது ஃபிஷ் குழு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலிருந்து கிளம்பிய நான்கு பேர். ஒரே பாட்டை இருபது நிமிடம் இழுத்து வாசிப்பார்கள். நேற்றைய கச்சேரி மாதிரி இன்றைய கச்சேரி இருக்காது. 2017-இல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 13 இரவுகள் வாசித்தார்கள். அந்த 13 இரவுகளில் ஒரு பாட்டுகூட இரண்டாம் முறை வரவில்லை. வானொலியில் ஓடிய ஹிட் என்று காட்ட அவர்களிடம் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் ஊர் ஊராகப் பின்னாலேயே வரும் ரசிகர் கூட்டம் உண்டு. அந்தக் கூட்டம் போட்ட ஓட்டு ஏறத்தாழ 3.3 லட்சம்.

ஏப்ரலில் முடிவு வந்தது. இரண்டாமிடம் வந்த பேட் கம்பெனி உள்ளே போனது. ஃபிஷ் இல்லை.

இது முதல் முறையும் அல்ல. 2020-இல் டேவ் மேத்யூஸ் பேண்ட் பத்து லட்சம் ஓட்டுகளைத் தாண்டி முதலிடத்தில் நின்றது. அந்த ஆண்டு அதற்கும் கதவு திறக்கவில்லை. 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காரணம் எளிய கணக்கு. உண்மையான வாக்காளர்கள் இசைக் கலைஞர்கள், வரலாற்றாசிரியர்கள், இசைத் தொழிலில் இருப்பவர்கள் என 1,200 பேர் அளவில் இருக்கிறார்கள். ரசிகர் ஓட்டில் முன்னால் வரும் பெயர்களைச் சேர்த்து ஒரு சீட்டு தயாராகும். அந்த ஒரு சீட்டு, ஆயிரத்துச் சொச்சம் சீட்டுகளோடு கலந்துவிடும். லட்சக்கணக்கானவர்கள் நாள்தோறும் மெனக்கெட்டுப் போட்ட ஓட்டுக்கு மதிப்பு, எங்கோ ஒரு ரெக்கார்டு கம்பெனி அதிகாரி தன் மேசையில் உட்கார்ந்து டிக் செய்த தாளுக்கு உள்ள மதிப்புதான். ரசிகர்களை வாசல்வரை அழைத்து வந்து வாசலிலேயே நிறுத்தும் ஏற்பாடு என்று இதைச் சொன்னால் மிகையாகாது.

விளையாட்டு உலகத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஓட்டுப் போடுபவர்கள் பேஸ்பால் எழுத்தாளர்கள். 75 சதவீதம் வேண்டும். எண்ணிக்கை வெளியே வரும். 2025-இல் இச்சிரோ சுசுகிக்கு 394-இல் 393 கிடைத்தது. அந்த ஒருவர் யார் என்று ஊரே தேடியது. சண்டை போடுவதானாலும் கையில் ஓர் எண்ணை வைத்துக்கொண்டு போடலாம். ராக் ஹாலில் யாருக்கு எத்தனை ஓட்டு என்பது வெளியே வராது. ஒரு குழு ஒரு ஓட்டில் தவறியதா, ஓராயிரத்தில் தவறியதா? தெரியாது. தேர்வுக்குழு ஸ்கோர்கார்டையே பூட்டி வைத்துக்கொண்டு அணியை மட்டும் அறிவித்தால் கிரிக்கெட் ரசிகன் சும்மா இருப்பானா? இங்கும் இல்லை.

விதி என்று ஒன்றுதான் தெளிவாக இருக்கிறது: முதல் இசைப்பதிவு வெளியாகி 25 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். அதற்கு மேல் செல்வாக்கு, முக்கியத்துவம் என்று பொதுவான சொற்கள். எனவே ஒவ்வொரு ரசிகரும் தனக்குத் தோதான அளவுகோலை எடுத்துக்கொள்கிறார். ஒருவர் விற்பனையைச் சொல்வார். இன்னொருவர், பின்னால் வந்தவர்கள் எத்தனை பேர் இவர்களைப் பார்த்து கிடாரைத் தூக்கினார்கள் என்று கேட்பார். மூன்றாமவர், நாற்பது வருடம் மேடையில் நின்று காட்டட்டும் என்பார். வேடிக்கை என்னவென்றால் மண்டபமும் இதையேதான் செய்கிறது. ஆளுக்கு ஏற்றபடி கோலை மாற்றிக்கொள்கிறது.

விற்பனைதான் கோல் என்றால் மரியா கேரி எப்போதோ உள்ளே போயிருக்க வேண்டும். பில்போர்டு ஹாட் 100-இல் 19 முதலிடப் பாட்டுகள்; அவருக்கு மேலே 20 பாட்டுகளோடு பீட்டில்ஸ் மட்டும்தான். 2024, 2025 இரண்டு ஆண்டும் பரிந்துரைப் பட்டியலில் பெயர் இருந்தது, இரண்டு முறையும் கிடைக்கவில்லை. இதற்கிடையே 2022-இல் இசைத்துறையின் பெரிய வழக்கறிஞரான ஆலன் கிரப்மேனுக்கு, நிறுவனர் அஹ்மெட் எர்டெகன் பெயரிலான பிரிவில் இடம் கிடைத்தது. ஒப்பந்தம் எழுதியவர் உள்ளே, பாடியவர் வெளியே. மரியா ரசிகர்கள் இதைச் சொல்லிக்காட்டாத நாளில்லை, அதில் தப்பும் இல்லை.

மண்டபத்தின் ரசனை எங்கிருந்து வந்தது என்பதற்கு வரலாறு உண்டு. 1983-இல் அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸின் எர்டெகன் முன்னின்று அமைப்பைத் தொடங்கினார்; ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் ஜான் வென்னர் அதன் முக்கியத் தூணானார். 1986-இல் முதல் அணி: சக் பெர்ரி, எல்விஸ், ஜேம்ஸ் பிரவுன், ரே சார்லஸ், லிட்டில் ரிச்சர்ட் என்று குறை சொல்ல முடியாத பத்துப் பெயர்கள். பத்திலும் ஒரு பெண் இல்லை. அடுத்த ஆண்டு அரேத்தா ஃபிராங்க்ளின்தான் முதல் பெண். சக் பெர்ரிக்கும் எல்விஸுக்கும் முன்பே எலக்ட்ரிக் கிடாரைக் கையில் பிடித்து தேவாலயப் பாட்டை அதிரவைத்த சிஸ்டர் ரொசெட்டா தார்ப் 1973-இல் இறந்தார். அவருக்கு இடம் கிடைத்தது 2018-இல். 2023 செப்டம்பரில் வென்னர், தன் புத்தகத்தில் கறுப்பினக் கலைஞர்களையும் பெண்களையும் ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டதற்கு, அவர்கள் அந்த அளவுக்குச் சிந்தனையோடு பேசக்கூடியவர்கள் அல்ல என்ற தொனியில் பேட்டி கொடுத்தார். மறுநாளே மண்டபத்தின் நிர்வாகக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். ரசிகர்கள் பல ஆண்டுகளாகச் சந்தேகமாகச் சொல்லிவந்ததை அவரே வாயால் சொல்லிவிட்டார்.

இத்தனை வழக்குகளிலும் கனமானது எது என்று கேட்டால், இந்த அலசல் ஷீக் என்ற டிஸ்கோ குழுவின் பக்கம்தான் விரல் நீட்டும்.

1979 ஜூலை 12. சிகாகோவின் காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானம். வைட் சாக்ஸும் டெட்ராய்ட் டைகர்ஸும் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் ஆட வேண்டும். டிஸ்கோ ரெக்கார்டு ஒன்றைக் கொண்டுவந்தால் சொற்பக் காசுக்கு அனுமதி என்று அறிவிப்பு. முதல் ஆட்டம் முடிந்ததும் கொண்டுவந்த ரெக்கார்டுகளை மைதான நடுவில் குவித்து வெடிவைத்தார்கள். கூட்டம் வேலி தாண்டி உள்ளே பாய்ந்தது, புல்தரை குதறப்பட்டது, இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை. உள்ளூர் அணி தோற்றதாக அறிவிக்கப்பட்டது. டிஸ்கோவுக்குச் சமாதி கட்டியாகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அடுத்த மாதம் பில்போர்டில் முதலிடத்தில் இருந்த பாட்டு, ஷீக்கின் 'குட் டைம்ஸ்'.

அந்தப் பாட்டில் பெர்னார்ட் எட்வர்ட்ஸ் வாசித்த பேஸ் கிடார் வரியைக் கவனியுங்கள். ஒரே சுரத்தை மூன்று முறை அழுத்தமாகத் தட்டி, ஒரு மூச்சு விட்டு, பிறகு மேலே ஏறி வளைந்து இறங்கும். அதே ஆண்டு சுகர்ஹில் கேங் அந்த வரியின்மேல் பேசிப் பாடியதுதான் 'ராப்பர்ஸ் டிலைட்', அமெரிக்கா முழுக்கக் கேட்ட முதல் ராப் ஹிட். 1980-இல் குயின் குழுவின் ஜான் டீக்கன் எழுதிய 'அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்' பாட்டின் அடியிலும் அதே மூன்று தட்டுகள். ஷீக்கின் இன்னொரு பாதியான நைல் ராட்ஜர்ஸ், டேவிட் போவிக்கு 'லெட்ஸ் டான்ஸ்', மடோனாவுக்கு 'லைக் எ வெர்ஜின்' ஆல்பங்களைத் தயாரித்துக் கொடுத்தார்.

இப்போது கணக்குப் பாருங்கள். போவி 1996-இல் உள்ளே. குயின் 2001-இல். மடோனா 2008-இல். 'குட் டைம்ஸ்' ரெக்கார்டைத் திருப்பித் திருப்பிச் சுழற்றிப் புதுக்கலை செய்த கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் தன் குழுவோடு 2007-இல், ஹிப்ஹாப்பிலிருந்து நுழைந்த முதல் குழுவாக. ஷீக்? பதினோரு முறை பரிந்துரை, பதினோரு முறையும் தோல்வி. கடைசியில் 2017-இல் ராட்ஜர்ஸுக்கு மட்டும் 'இசை மேன்மை' விருது என்று ஒரு தனிப் பிரிவில் இடம் கொடுத்தார்கள். எட்வர்ட்ஸ் 1996-லேயே டோக்கியோவில் காலமாகிவிட்டார். அந்த பேஸ் வரிக்குச் சொந்தக்காரர் இன்றும் வெளியேதான்.

இந்தப் பக்கவாசல் ஏற்பாடு வழக்கமாகிவிட்டது. ஆறு முறை ஓட்டில் தோற்ற எல்.எல். கூல் ஜே 2021-இல் இப்படித்தான் வந்தார். எலக்ட்ரானிக் இசைக்கே அடித்தளம் போட்ட ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் அதே ஆண்டு 'ஆரம்பகாலத் தாக்கம்' என்ற வழியில். ஹெவி மெட்டலின் ஜூடாஸ் பிரீஸ்ட் 2022-இல். வாக்காளர்கள் செய்த பிழையைக் குழு உட்கார்ந்து சரிசெய்கிறது என்று நல்லவிதமாகவும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் டிஸ்கோ, ராப், மெட்டல், எலக்ட்ரானிக் ஆகியவற்றில் பலர் கொல்லைப்புறமாகவே வந்திருக்கிறார்கள் என்பது தற்செயலாகத் தெரியவில்லை.

ராப் உள்ளே வரலாமா என்பதே தனிப் பஞ்சாயத்து. கிஸ் குழுவின் ஜீன் சிமன்ஸ், ராப் கலைஞர்களுக்கு இந்த மண்டபத்தில் வேலை இல்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவந்தார். 2016-இல் என்.டபிள்யூ.ஏ. சேர்க்கப்பட்ட மேடையில் ஐஸ் கியூப் அதற்குப் பதில் கொடுத்தார்: ராக் அண்ட் ரோல் ஒரு வாத்தியமோ ஒரு பாணியோ அல்ல, அது ஒரு மனோபாவம் என்பது அவர் பேச்சின் சாரம். சிமன்ஸும் இந்த விஷயத்தில் நொந்தவர்தான். கிஸ்ஸுக்குத் தகுதி வந்தது 1999-இல், இடம் கிடைத்தது 2014-இல்.

அழைத்தும் வராதவர்கள் உண்டு. 2006-இல் செக்ஸ் பிஸ்டல்ஸ், மண்டபத்தைச் சிறுநீர்க் கறையோடு ஒப்பிட்டுக் கையால் எழுதிய கடிதம் அனுப்பினார்கள். டாலி பார்ட்டன் மரியாதையாக மறுத்தார்: 2022-இல், தான் ராக் பாடகி அல்லவே, அந்த உரிமையைச் சம்பாதிக்கவில்லையே என்றார். சீட்டுகள் ஏற்கெனவே போய்விட்டன என்று பதில் வந்தது, ஜெயித்தும்விட்டார். மறு ஆண்டே 'ராக்ஸ்டார்' என்ற 30 பாட்டு ஆல்பத்தைப் போட்டுக் கணக்கை நேர்செய்தார். ஷெர் வேறு ரகம். பத்து லட்சம் டாலர் கொடுத்தாலும் வேண்டாம் என்று 2023 டிசம்பரில் டி.வி.யில் சொன்னவர், மறு ஆண்டு அக்டோபரில் கிளீவ்லேண்டில் மண்டபத்தின் விழா மேடையில் நின்று பாடினார்.

காத்திருப்பின் கசப்பை மிக அழகாகக் காட்டியவர் கனடாவின் ரஷ் குழுவைச் சேர்ந்த அலெக்ஸ் லைஃப்சன். தகுதி பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியும் 2013 வரை ரஷ்ஷை மண்டபம் சேர்க்கவில்லை. ரசிகர்கள் கையெழுத்து வேட்டை நடத்தினார்கள், சண்டை போட்டார்கள். லாஸ் ஏஞ்சலஸ் விழாவில் நீல் பியர்ட்டும் கெடி லீயும் முறையாக நன்றி சொல்லி முடித்தார்கள். லைஃப்சன் மைக்கைப் பிடித்தார். "ப்ளா" என்றார். மறுபடி "ப்ளா ப்ளா". இரண்டு நிமிடத்துக்கும் மேல் அந்த ஒரே சொல்தான். ஆனால் கை பேசியது, முகம் பேசியது: ஃபோன் வருவதற்குக் காத்திருப்பது, வராமல் போவது, ஒருநாள் வருவது, துள்ளிக் குதிப்பது. பக்கத்தில் நின்ற இரண்டு நண்பர்களுக்கே இவர் என்ன செய்கிறார் என்று புரியவில்லை. கீழே ரஷ் ரசிகர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அத்தனை வருடப் புகார் மனுவை அதைவிடச் சுருக்கமாக யாரும் படித்திருக்க முடியாது.

சபி செக்கருக்கு அந்தப் பொறுமை இருக்கவில்லை. 'தி ட்விஸ்ட்' 1960-இலும் 1962-இலும் இருமுறை முதலிடம் போன பாட்டு. உலகமே இடுப்பை ஆட்டியது. 2001-இல் அவர் பில்போர்டு பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரமே கொடுத்து, மண்டபத்தின் முற்றத்தில் தனக்குச் சிலை வேண்டும் என்றார். சிலை வரவில்லை. 2025-இல் இடம் வந்தது, 83 வயதில்.

தமிழ் ரசிகர்கள் இந்தச் சண்டையில் இறங்கும் நாளும் தூரத்தில் இல்லை. லண்டனில் பிறந்து, சிறுவயதை யாழ்ப்பாணத்தில் கழித்து, அகதியாக மறுபடி லண்டன் போன மாயா அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., தன் முதல் பாட்டான 'கலாங்'கை வெளியிட்டது 2003-இல். 25 ஆண்டுக் கணக்கு 2028 வாக்கில் முடிகிறது. 2007-இன் 'கலா' ஆல்பத்துக்காகச் சென்னையில் உறுமிக்காரர்களை வைத்துப் பதிவு செய்து, அந்த உறுமலை 'பேர்ட் ஃப்ளூ' பாட்டில் அப்படியே ஓடவிட்டவர் அவர். 'பேப்பர் பிளேன்ஸ்' ஹாட் 100-இல் 4-ஆம் இடம்வரை போனது, ஏ.ஆர். ரஹ்மானோடு சேர்ந்த 'ஓ சாயா' ஆஸ்கர் பரிந்துரை பெற்றது.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று இப்போதே ஊகிக்கலாம். ஒரே ஒரு பெரிய ஹிட்தானே? பெர்சி ஸ்லெட்ஜ் ஏறக்குறைய ஒரே பாட்டின் பலத்தில் 2005-இல் உள்ளே போனவர். இது ராக்கே இல்லையே? 'பேப்பர் பிளேன்ஸ்' நிற்பது க்ளாஷ் குழுவின் 'ஸ்ட்ரெயிட் டு ஹெல்' பாட்டிலிருந்து எடுத்த இசைத்துண்டின்மேல், க்ளாஷ் 2003 முதல் மண்டபத்தில் இருக்கிறது. இந்த இரண்டு பதில்களையும் யாழ்ப்பாணத்திலும் டொரண்டோவிலும் சென்னையிலும் இருக்கும் ரசிகர்கள் கையில் வைத்துக்கொள்ளலாம். ரசிகர் வாக்கெடுப்பில் லட்சம் லட்சமாகக் குத்தினாலும் சேருவது அந்த ஒரு சீட்டில்தான். மீதி ஆயிரத்துச் சொச்சம் பேரிடம் உறுமியைப் பற்றி யாராவது இப்போதே பேச ஆரம்பிப்பது நல்லது.